நாலாவது நிறைவெண்

சண்டைக்காலத்திலை, கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்திலை கொம்பியூட்டர் படிச்சனாங்கள் எண்டால் இப்ப ஆக்கள் சிரிப்பினம். சிரிக்கட்டும். மானிப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டு முன்னறையிலை ஒரேயொரு கொம்பியூட்டர், பின்வளவிலை ஜெனரேற்றர். புரோகிராமைத் தாளிலை எழுதி, வரிவரியாய்க் கையாலை செய்து பாத்த பிறகுதான் மாஸ்டர் கொம்பியூட்டரிலை தட்ட விடுவார். மண்ணெண்ணெயும் நாங்கள்தான் சோடாப் போத்திலிலை கொண்டு போகவேணும்.

பயிற்சி எல்லாம் எண் கணக்குத்தான். என்ரை சிநேகிதிக்கு, வேறை எண்ணாலை பிரிபடாத முதன்மை எண்ணுகளைக் கண்டுபிடிக்கிறது. எனக்கு நிறைவெண். ஒரு எண்ணின்ரை, அதைவிடச் சின்னக் காரணியளைக் கூட்டினால் அந்த எண்ணே வரவேணும், ஒண்டும் ரெண்டும் மூண்டும் ஆறு எண்ட மாதிரி.

அண்டைக்கு நான் வெறுங்கையோடை போனன். சிநேகிதிதான் ஒரு போத்தில் மண்ணெண்ணெய் கொண்டு வந்தவள். அடுத்த நாள் அவையள் குடும்பத்தோடை கிளாலிக் கடலேரியை வள்ளத்திலை தாண்டி, ஒரேயடியாய்க் கொழும்புக்குப் போகினம். அவளின்ரை புரோகிராம் அதுவரைக்கும் ஒருக்காலும் ஓடினதில்லை. அதைப் பாத்திட்டுப் போகத்தான் வந்தவள். எண்டாலும், "உன்ரை சின்னதுதானே, நீ முதல் போடு" எண்டாள்.

ஆறும் இருபத்தெட்டும் உடனை வந்திது. கொஞ்சத்தாலை நானூற்றித் தொண்ணூற்றாறு. எனக்குத் தலைகால் தெரியேல்லை. அடுத்தது எண்ணாயிரத்து நூற்றி இருபத்தெட்டு எண்டு புத்தகத்திலையே கிடக்கு. தெரிஞ்ச விடைக்கு ஏன் காவல் இருந்தனான், விசரி! ஒவ்வொரு எண்ணையும் ஒண்டிலை இருந்து பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கிற என்ரை புரோகிராமுக்கு அது மணித்தியாலக்கணக்கு வேலை எண்டு யோசிக்கேல்லை.

"மூண்டு வந்தது காணுமடி, நிப்பாட்டு" எண்டாள்.

"கொஞ்சம் பொறு, இந்தா வந்திடும்."

பிறகும் கேட்டாள். நான் எரிஞ்சு விழுந்தன். அவள் தன்ரை தாளை மடியிலை விரிச்சு இன்னொருக்கா வரிவரியாய்ச் செய்து பாத்தாள்.

ஜெனரேற்றர் இருமி இருமி நிண்டுது. மாஸ்டர் பின்வளவிலை போய்ப் பாத்திட்டு வந்து, "எண்ணெய் முடிஞ்சுது பிள்ளையள்" எண்டார்.

நான் அப்பவும் அணைஞ்ச திரையைத்தான் பாத்துக்கொண்டிருந்தன். நாலாவது வரேல்லையே எண்டு எனக்குக் கவலை, வெக்கங்கெட்ட சீவன். அவள் தாளை என்ரை பக்கம் நீட்டி, "என்ரை சரியாய் ஓடியிருக்குமோ?" எண்டு கேட்டாள்.

"ஓம் ஓம், சரியாத்தான் ஓடியிருக்கும்."

"நீ இன்னும் தாளைப் பாக்கேல்லையடி" எண்டாள்.