பதினெட்டாவது வளைவில் உடைந்த ஸ்பேனர்

காலை எட்டு மணிக்கு நாகலூரில் ஜீப் ஏறினேன். சேலத்துக்கு ஆளுக்கு நூறு ரூபாய். பதினோரு மணிக்கு என் தங்கை சரசுவை இடுப்பு ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோவார்கள். "அதுக்கு முன்னாடி உன் மொகத்தப் பாக்கோணும்க்கா" என்று போனில் அழுதிருந்தாள். அவளுக்கென்று நானே காய்ச்சிய விளக்கெண்ணெய் ஒரு பாட்டில் மடியில் இருந்தது. முன் சீட்டில் உட்கார்ந்தேன். டிரைவர் முருகேசன், கணவர் போனபின் வெறுமையான என் நெற்றியை ஒருமுறை பார்த்தான்.

எட்டே முக்கால். ஏற்காடு தாண்டி இறங்கும்போது, பதினெட்டாவது வளைவில் பின் டயர் பஞ்சர். நாலு நட்டு கழன்றன. ஐந்தாவது அசையவில்லை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அழியாத ஸ்பேனர் அது. முருகேசன் அதன் பிடியில் ஒரு முழ நீள பைப்பை மாட்டி, மேலே ஏறிக் குதித்தான். ஸ்பேனர் கழுத்தோடு முறிந்தது.

"இந்தம்மா முன் சீட்டுல உக்காரும்போதே நெனச்சேனுங்க" என்றான், பின்னால் இருந்த மளிகைக்கடைக்காரரிடம்.

"காலங்காத்தால சகுனம் பாக்கோணுமில்லீங்க" என்றார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறங்கி அந்தத் துண்டை எடுத்தேன். எழுத்துக்கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். முறிந்த இரும்பைப் படிக்க எழுத்து வேண்டியதில்லை. காப்பிப் பழம் உரிக்கிற மிசினை இருபது வருஷமாக நானேதான் கழற்றி மாட்டுகிறேன்.

"இங்க பாரு சாமி. முறிஞ்ச எடத்துல பாதி பளபளங்குது, பாதி துருப்புடிச்சுக் கறுத்துக் கெடக்குது. கறுத்த பாதி எப்பவோ விரிசல் உட்டது. நான் ஏறுனது இன்னைக்கு. வாயும் தேஞ்சு நட்டுல லொடலொடங்குது. அதுல பைப்ப மாட்டி நீயும் குதிச்சா இரும்பு என்ன பண்ணும்? ஸ்பேனருக்குப் பொட்டு வெச்சியே, நட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் வெச்சியா?"

"போன பஞ்சருல நாந்தானுங்க ஏறி மிதிச்சு முறுக்குனேன்" என்று முனகினான்.

"அப்ப உன் சகுனத்த நீ பாத்துக்க."

சரசுவின் எண்ணெயில் பாதியை நட்டில் ஊற்றினேன். ஒன்பதரைக்குக் காய்கறி வேன் ஒன்று மேலே ஏறி வந்தது. அந்த டிரைவரின் ஸ்பேனர் நட்டில் கச்சிதமாகக் கவ்வியது.

"குதிக்காத. நின்னு அழுத்து" என்றேன். முருகேசன் அழுத்தினான். கிரீச்சென்று நட்டு திரும்பியது.

"ஏனுங்காத்தா, மெக்கானிக் கடை வெக்கலாமுங்க" என்று மளிகைக்கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது பதினொன்றேகால். சரசுவை உள்ளே கொண்டுபோய்விட்டிருந்தார்கள்.

சாயங்காலம் கண் திறந்ததும், "வரமாட்டீன்னே நெனச்சுட்டேன்க்கா" என்றாள். மீதி எண்ணெயை அவள் தலைமாட்டில் வைத்தேன்.

மறுநாள் திரும்பும்போதும் அதே ஜீப். புது ஸ்பேனர், அதிலும் பொட்டு. முருகேசன் எனக்காகப் பின் கதவைத் திறந்து பிடித்தான். நான் சுற்றிப் போய் முன் சீட்டில் ஏறினேன்.