மெர்சிங் கேப்டனுக்கு மூளை வைத்த கதை

தோற்பதற்குச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. செனாய் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சின்ன வீடியோ கேம் கம்பெனி. விசித்திரப் பிராணிகளைப் பிடித்துப் பழக்கி மோத விடுகிற கேம் செய்கிறோம். ஒரு பக்கம் நீங்கள். எதிர்ப்பக்கம் பிராணியோடு நிற்கிற பயிற்சியாளர்களை ஆட்டுவிப்பது கணினி. அவர்களுக்கு மூளை வைப்பது என் வேலை. அவர்களிடம் தோற்று கண்ட்ரோலரைச் சோபாவில் வீசிய ஜீவன்களே, என்னை முறைக்காதீர்கள். நானும் உங்கள் கட்சிதான்.

எங்கள் கேமில் கடைசியாக வருகிறவர் மெர்சிங் படகுத்துறை கேப்டன். அவரை யார் ஆடிப் பார்த்தாலும் முட்டாள் என்றார்கள். முதலாளி வள்ளியப்பன் கெடு வைத்துவிட்டார். பள்ளி விடுமுறைக்குள் கேப்டன் தேறாவிட்டால், ஆட்டக்காரர் எந்தப் பொத்தானை அழுத்துகிறார் என்று கேப்டனைத் திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்க விட்டுவிடுவாராம். கேப்டன் வெறும் கணக்குதான், தெரியும். ஆனாலும் அவர் களவாணித்தனம் செய்து ஜெயிப்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

ஆமையும் நீர்நாயும்

கேப்டன் மாதிரி ஆட்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். யோசிப்பதே இல்லை. எதிரே நிற்கிற பிராணியைப் பார்ப்பார்கள், எந்த அடி பலமாக விழும் என்று மார்க் போடுவார்கள், அதிக மார்க் வாங்கியதை எடுத்து அடிப்பார்கள். அவ்வளவுதான் மூளை.

கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற சரஸ் அக்கா இதைச் சீக்கிரமே பிடித்துவிட்டார். ஒரு தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தால் வேலை முடிந்து வந்து எங்களுக்காக ஆடிப் பார்ப்பவர். கேப்டனிடம் இருப்பது மின்சார விலாங்கு. அக்கா நீர்நாயைக் காட்டுவார். நீரில் வாழ்கிற பிராணிக்கு மின்சாரம் ஆகாது, அதனால் கேப்டன் மின்னலை விடுவார். அதே நொடியில் அக்கா நீர்நாயை எடுத்துவிட்டு மண் ஆமையை இறக்குவார். மண்ணை மின்னல் என்ன செய்யும்? சரியென்று கேப்டன் மண்ணைக் கரைக்க ஆமை மேல் அலையை ஏவுவார். அதற்குள் நீர்நாய் திரும்ப வந்து அலையில் குளித்துக்கொண்டிருக்கும். மறுபடி மின்னல், மறுபடி ஆமை. அக்கா கச்சாங் கடலை கொறித்துக்கொண்டே சொன்னார்: "எத்தனை தடவ பட்டாலும் இவருக்கு உறைக்கல லா. எங்க சூப்பர்வைசரே தேவல."

பாவனை

ஒருநாள் ஆசைக்கு ஒன்று செய்து பார்த்தேன். கேப்டனின் மூளையைத் தொடவில்லை. ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் அவர் கொஞ்சம் தாமதித்து, தாடியைத் தடவுகிற மாதிரி மட்டும் வைத்தேன். கீழே டயர் கடையில் கல்லாவில் உட்காரும் விமலா ஆடினார். பழைய அதே முட்டாள்தனம்தான், ஒன்றுகூடக் குறையவில்லை. எழுந்து போகும்போது எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்: "இப்பத்தான் ஆளு நல்லா யோசிச்சு ஆடுறாரு. முந்தி வெறும் அவசரக்குடுக்க."

எனக்குச் சந்தோஷப்படுவதா, தொழிலை விடுவதா என்று தெரியவில்லை.

எட்டிப் பார்த்தவர்

என் சக ஊழியன் தினேஷ் அதற்குள் எட்டிப் பார்க்கிற வித்தையை எழுதி முடித்துவிட்டான். லாபிஸ் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற முனியாண்டி அண்ணனை உட்கார வைத்தோம். கேப்டன் அடித்த அடியெல்லாம் கச்சிதம். அண்ணன் தோற்றுக்கொண்டே இருந்தார். கோபப்படவில்லை. தினேஷ் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அப்புறம் அண்ணன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கைக்கு அகப்பட்ட பொத்தானை அழுத்தினார். புத்தியுள்ளவன் இறக்காத ஒரு பிராணி வந்தது. அதற்கும் கேப்டனிடம் பதில் தயாராக இருந்தது. அண்ணன் கண்ட்ரோலரை மெதுவாக மேசையில் வைத்தார். "நான் எத எறக்குவேன்னு எனக்கே தெரியாது. இவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிச்சு?"

ஞாபகம்

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. கேப்டனுக்குக் குறைவது கண் இல்லை, ஞாபகம். நீங்கள் ஆமையை இறக்கினீர்களா, மனதில் வைத்துக்கொள்வார். திரும்பவும் நீர்நாயைக் காட்டினால், "இவர் இப்போதும் ஆமையைத்தான் இறக்கப்போகிறார்" என்று ஊகித்து, முன்கூட்டியே அலையை விடுவார். ஊகம்தான், தப்பலாம். தினேஷ் திரையைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான்: "அலமாக், கவிதா, அவர் தப்பு பண்றதுக்கு நீ மெனக்கெட்டு எழுதுறியா?"

முதலாளி ஆடினார்

விடுமுறை நெருங்கியது. தினேஷின் கேப்டனா, என் கேப்டனா என்று தீர்மானிக்க வள்ளியப்பனே உட்கார்ந்தார். தினேஷின் கேப்டனிடம் தோற்றார். அடுத்து என்னுடையவர். முதலாளி நீர்நாயைக் காட்டி ஆமையை இறக்கினார். பலித்தது. மறுபடி அதே வித்தை. இந்த முறை ஆமை மேல் அலை வந்து விழுந்தது. முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் பின்னால் நின்றேன்.

பிறகு நீர்நாயைக் காட்டினார், ஆனால் மாற்றவில்லை. அங்கேயே நிறுத்தி வைத்தார். கேப்டன் ஆமை வரும் என்று நம்பி அலையை விட்டார். நீர்நாய் அதில் சுகமாகக் குளித்து எழுந்து, விலாங்கைக் கடித்துச் சாய்த்தது. கேப்டன் தோற்றார். போச்சு, இனி எட்டிப் பார்க்கிறவர்தான் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாளிக்கு ஜெயித்த முகமே இல்லை. தோற்றுப்போய்த் தலைகுனிந்து நின்ற கேப்டனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தினேஷ், ஒன்னோடத எடுத்துடு. பாவம், இந்த மனுஷன் என்னை நம்பிட்டாரு."

ஆக, இந்தத் தொழிலில் நான் கற்ற ஒரே பாடம், எப்போதும் ஜெயிக்கிற கணினியை ஜனங்கள் திருடன் என்பார்கள், தங்களிடம் ஏமாறுகிற கணினியைத்தான் மனுஷன் என்பார்கள் என்பதே.