அண்ணரின் செத்தவீடும் என் பிரவுசரும்

அண்ணர் கனடாவில் இறந்தபோது, அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்கிருந்த ஒரே வழி என் பழைய மடிக்கணினி. செத்தவீட்டை சனிக்கிழமை, எங்கள் நேரம் மாலை ஏழரைக்கு, நேரலையில் காட்டுவதாக இணைப்பு அனுப்பியிருந்தார்கள். வியாழன் காலையே தட்டிப் பார்த்தேன். உங்கள் பிரவுசர் பழையது என்றது.

அரசாங்க ஊழியர் விதிகளான தாபனக் கோவையைப் பந்தி இலக்கத்தோடு சொல்லக்கூடியவன் என்று திணைக்களத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. ஓய்வுபெற்றபின் அந்த இடத்தை நிரப்பியது என் கணினியை இயக்கும் லினக்ஸ். நான் தேர்ந்த லினக்ஸ் வகையில் ஒவ்வொரு மென்பொருளையும் மூலநிரலாக இறக்கி, நம் கணினியிலேயே கட்ட வேண்டும். ஆயத்தமாகக் கட்டிய பிரவுசரும் கிடைக்கும். பத்து நிமிட வேலை. யாரோ கட்டியதை நான் ஏற்றுவதா? இரண்டு ஜிபி நினைவகத்துக்கு முப்பது மணித்தியாலம் என்று கணித்து, மதியமே தொடங்கினேன்.

வெள்ளி காலை, வீதியில் மரக்கிளை வெட்ட மின்சாரத்தை நிறுத்தினார்கள். பற்றரி எப்போதோ செத்துவிட்டது. மாலையில் மின்சாரம் வந்ததும் முதலிலிருந்து தொடங்கினேன்.

சனி மாலை மனைவி சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ, பக்கத்து வீட்டிலை பெரிய ரீவீயிலை போடீனமாம். வாங்கோவன்."

"என்ரை அண்ணையை அடுத்த வீட்டிலை போய்ப் பாக்கிறதோ? இப்ப முடிஞ்சிடும்."

"நேற்றும் இதைத்தான் சொன்னனீங்கள். அங்கை ஆளை எடுக்கப் போகீனம், உங்கடை பெட்டி இன்னும் உலை வைச்சுக்கொண்டிருக்கு."

போய்விட்டாள். திரையில் எழுத்துகள் வரிவரியாக ஏறிக்கொண்டிருந்தன. ஒரு பிழையும் இல்லை.

ஒன்பது மணிக்குத் திரும்பியவள் வீட்டுக்குள் வராமல் நேரே கிணற்றடிக்குப் போனாள். ரீவீயில் பார்த்த செத்தவீட்டுக்கும் தலைமுழுகித் தோய வேண்டுமா என்று எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை. எங்கள் ஊரில் தோய்கிறார்கள்.

"முகம் நித்திரை மாதிரி இருந்தது," என்றாள் ஈரத்தலையோடு.

காலையில் பிரவுசர் தயாராக இருந்தது. இணைப்பைத் தட்டினேன். ஒளிபரப்பு முடிந்துவிட்டது என்று மிகத் தெளிவான எழுத்தில் காட்டியது.

கணினியை மூடிவிட்டுத் துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

"பாத்தாச்சோ?" என்று குசினிக்குள்ளிருந்து கேட்டாள்.

"ஓம், பாத்திட்டன்," என்று சொல்லிவிட்டு, முதல் வாளியைத் தலையில் ஊற்றினேன்.