வெள்ளைத் துணியில் ஒரு வேட்பாளர்

என் கணவர் பிரதேச சபைத் தேர்தலில் நின்று தோற்றார். உரும்பிராயில் இன்று அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஊர் நினைவில் வைத்திருப்பது எங்கள் வீட்டு வாசல் படலைக்குப் பக்கத்தில் கட்டிய பதாகையைத்தான். அதைச் செய்தவள் நான். ஆளாளுக்கு ஒரு மாதிரிச் சொல்லித் திரிகிறார்கள் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

இவர் தோட்டம் செய்கிறவர். வெங்காயம், மரவள்ளி, கொஞ்சம் புகையிலை. ஒரு சுயேச்சைக் குழுவுக்கு ஆள் தேடி வந்தவர்களிடம் ஓம் சொல்லிவிட்டுத்தான் எனக்குச் சொன்னார். வாய்க்கால் எல்லாம் பிளாஸ்ரிக்கால் அடைபட்டு மாரிக்கு வெள்ளம் தோட்டத்துக்குள் ஏறுகிறது, அதைக் கேட்க ஒருவர் சபைக்குப் போகவேண்டும் என்பது அவருடைய நியாயம். நியாயம் சரிதான். ஆனால் இருபத்தைந்து வருடம் ஒரு ஆளோடு குடித்தனம் நடத்தினால் சொன்ன நியாயத்துக்குப் பின்னால் நிற்கும் சொல்லாத நியாயமும் தெரிந்துவிடும்.

சொல்லாத நியாயம் அவருடைய அண்ணன். அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் தோட்டத்தில் ஒரு பங்குக் கிணறு. ஒரு கோடையில், அண்ணனுடைய முறை நாளில் இவர் மோட்டரைப் போட்டு இறைத்துவிட்டார். வெங்காயம் வாடுகிறது என்று பார்த்தாராம், முறையைப் பார்க்கவில்லையாம். அண்ணன் வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்று கத்தினார். இவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அண்ணன், “உன்ரை செத்த வீட்டுக்கு வருவன். அதுக்கு முதல் இந்தப் படலையைத் திறக்க மாட்டன்” என்றார். சொல்லிவிட்டு இறங்கிப் போனார். போகும்போது “வாறன்” என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் சாவீட்டிலிருந்து எழும்பிப் போகிறவர்கள்தான் அப்படிச் சொல்லாமல் போவார்கள். மற்ற எந்த வீட்டிலும், எவ்வளவு அவசரமானாலும், “வாறன்” சொல்லித்தான் படி இறங்குவார்கள்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. எங்கள் மகள் பெரிய பிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டுக்கும் அவர் வரவில்லை. இவர் அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் அந்தக் கவலை அவரை விட்டுப் போனதுமில்லை. துண்டுப்பிரசுரம் கொடுக்க வட்டாரத்தில் எல்லா வீட்டுக்கும் போனவர், அண்ணன் வீட்டுப் படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். வேட்பாளர் என்ற சாட்டு இருந்தும் உள்ளே போகத் துணிவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் தம்பி இருவரையும் ஒரே வாங்கில் இருத்தி வைத்து ஏசவேண்டும் போலிருந்தது.

அதற்குப் பிறகுதான் பதாகைக் கதை தொடங்கியது.

“பெரிசாக் கட்டோணும். சந்தியிலை நிண்டாலே தெரியோணும்” என்றார்.

“ஆருக்குத் தெரியோணும்?” என்றேன்.

“எல்லாருக்கும்தான்.”

அண்ணன் தினமும் காலையில் அந்தச் சந்தியைக் கடந்துதான் தோட்டத்துக்குப் போவார்.

தெருவில் கட்டினால் பொலிஸ் வந்து கழற்றும். எங்கள் வளவுக்குள் தெருவைப் பார்த்தபடி கட்டினால் பேசாமல் விடுவார்கள் என்று யாரோ இவருக்குச் சொல்லியிருந்தார்கள். சரி, அச்சகத்தில் கொடுத்து அடிப்போம் என்றால், அது பிளாஸ்ரிக். வாய்க்காலை அடைக்கும் பிளாஸ்ரிக்குக்கு எதிராகப் பேசித் திரிகிறவர் அதே பிளாஸ்ரிக்கில் சிரித்துக்கொண்டு தொங்கக்கூடாதாம். “நீர் எழுதும். உம்மடை எழுத்து வடிவு” என்றார். நான் கணக்கு ஆசிரியை. கரும்பலகையில் எழுதி எழுதி என் எழுத்து உருண்டையாகத்தான் இருக்கும். அந்த ஒரு புகழ்ச்சியில் விழுந்துவிட்டேன்.

வெள்ளைப் படுக்கை விரிப்புகளை நீளத்துக்கு மூட்டி, ஓரம் மடித்துக் கயிறு கோக்க வழிவிட்டுத் தைத்தேன். விறாந்தையில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, பென்சிலால் கோடு கீறி எழுதத் தொடங்கினேன். சிவப்பில் எழுதுவதாகத்தான் இருந்தது. பெட்டியிலிருந்த சிவப்புப் பெயின்ற் கல்லாக இறுகிப் போயிருந்தது. படலைக்கு அடித்து மிஞ்சிய கறுப்பு மட்டும் நல்ல பதத்தில் இருந்தது. கறுப்பிலேயே எழுதினேன். மேலே இவருடைய பெயர். அதன் கீழே, “ஊருக்கு உழைக்கும் உத்தமர்” என்ற வரி. உத்தமர் வேண்டாம் என்று நான் சொன்னேன், குழுவிலிருந்து அனுப்பிய வாசகம், மாற்றக்கூடாது என்றார். நடுவில் படத்துக்கு இடம் விட்டேன். கீழ்ப்பாதியில் குழுவின் சின்னமான வாளியைக் கீறி, “வாக்களிப்பீர்” என்று தண்டியாக எழுதினேன். வாளி நன்றாக வந்தது. அதில் எனக்கு இப்போதும் பெருமைதான்.

படத்தை ஸ்ரூடியோவில் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். அடையாள அட்டைக்கு எடுத்த படம், சிரிப்பு மருந்துக்கும் இல்லை. பின்னணி வெறுமையாக இருக்கிறது என்று ஸ்ரூடியோக்காரர் தன்பாட்டில் நீல வானமும் வெள்ளை மேகமும் போட்டுக் கொடுத்திருந்தார். அவரிடம் வருகிற பெரிய படங்கள் பெரும்பாலும் எதற்கு வருகின்றன என்பதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். பசை காய்ந்துவிடும் என்ற அவசரத்தில் ஒட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் இவரும் இவருடைய கூட்டாளியும் பதாகையைக் கட்டினார்கள். அந்தக் கூட்டாளி நல்ல மனுசன். ஊரில் யார் செத்தாலும் முதல் ஆளாக வந்து பந்தல் போட்டு, குருத்தோலை வெட்டித் தோரணம் கட்டி, சாம்பல் அள்ளும் காடாத்து முடியும் வரை நிற்பார். சும்மா துணி மட்டும் தொங்கினால் எடுப்பாக இல்லை என்று, அவர் தானே ஓலை வெட்டித் தோரணமும் கட்டிவிட்டார். கலியாணவீட்டுத் தோரணத்தில், ஓலையை மடித்துச் செய்யும் குருவித்தலை நாலு, மேலே பார்க்கும். சாவீட்டுத் தோரணத்தில் மூன்று, கீழே பார்க்கும். அவருடைய கைக்குப் பழகியது மூன்றுதான். இவர் ஏணிக்கு மேலே நின்றபடி அண்ணன் வரும் வழியைப் பார்த்திருப்பார், ஓலையைப் பார்த்திருக்க மாட்டார். நான் பின்வழியால் வந்து சமைக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலையில் காற்று எழும்பியது. கீழ்க்கயிறு அவிழ்ந்து, துணியின் கீழ்ப்பாதி மடிந்து, வேலியின் கிளுவங்கதியாலில் சிக்கிக்கொண்டது. என்னுடைய வாளியும் போயிற்று, வாக்களிப்பீரும் போயிற்று. தெருவுக்குத் தெரிந்தது வெள்ளைத் துணி, கறுப்பு எழுத்தில் பெயர், உத்தமர், மேகத்துக்குள் சிரிக்காத முகம், சுற்றிவர மூன்று தலைத் தோரணம்.

நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பண்டத்தரிப்பில் இருக்கும் மச்சாள், இவருடைய ஒன்றுவிட்ட தங்கை. எடுத்தவுடன் அழுகை. பஸ்ஸில் கோப்பாய்ப் பக்கம் போகும்போது சந்தியில் வைத்துக் கண்டாளாம்.

“ஒரு சொல்லுச் சொல்லேல்லையே மச்சாள். எப்ப நடந்தது?”

“என்ன எப்ப நடந்தது?”

“அண்ணை...”

எட்டி யன்னலால் பார்த்தேன். அவள் ‘அண்ணை’ என்று அழுத இவர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு படலையடிக்குப் போய்க்கொண்டிருந்தார். அது தேர்தல் பதாகை என்று விளக்கமாகச் சொன்னேன். மச்சாள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“ஐயோ, நான் பெரியண்ணைக்கு எடுத்துச் சொல்லிப்போட்டன். சந்திக்குப் போய்ப் பாத்திட்டு வெளிக்கிடுறன் எண்டவர். பிழையெண்டு திருப்பி எடுத்துச் சொல்லட்டே?”

“வேண்டாம். விடுங்கோ” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு மச்சாள் கேட்டாள். எத்தனையோ வருடம் எல்லாரும் சரியாகச் சொல்லிப் பார்த்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாளைக்குப் பிழையாவது உதவட்டுமே என்று நினைத்தேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

முற்றத்துக்கு வந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் சைக்கிள் வந்தது. அண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, சால்வையைத் தோளில் போட்டிருந்தார். சைக்கிளை வேலியில் சாத்தினார். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தலை நிமிராமல், மற்றக் கையால் படலையைத் திறந்து உள்ளே வந்தார். வயது போனதே தெரியாத மனுசன், அன்றைக்கு நடக்கவே கஷ்டப்பட்டார். அவருடைய முகம் நனைந்திருந்தது. அதைப் பார்த்தபோது, நான் விடுங்கோ என்று சொன்னது கொஞ்சம் கூடிப்போயிற்றோ என்று பட்டது.

படலைச் சத்தம் கேட்டு இவர் ஏணியிலிருந்து திரும்பினார். அண்ணன் நிமிர்ந்தார்.

காற்றில் துணி படபடத்தது.

“நீ என்ன, ஏணியிலை நிக்கிறாய்?” என்றார் அண்ணன்.

“கயிறு அவிண்டு போச்சு, அண்ணை.”

அண்ணன் சால்வையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பதாகையைப் பார்த்தார். தோரணத்தைப் பார்த்தார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. கிணற்றுச் சண்டையன்று பார்த்த அதே நரம்பு. போச்சு என்று நினைத்தேன்.

“ஆர் உதைக் கட்டினது? உது செத்த வீட்டுத் தோரணமெல்லோ. கண் தெரியாதே உங்களுக்கு?”

இவர் அப்போதுதான் தோரணத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு அண்ணனின் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். விஷயம் விளங்கியது. ஏணிக் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் எட்டி, கை எட்டிய இடமெல்லாம் ஓலையைப் பிய்த்து எறிந்தார். பிறகு வேலிக்குள் கை விட்டு, கதியாலில் சிக்கியிருந்த துணியைக் கிழியாமல் எடுத்துவிட்டார். வாளி வெளியே வந்தது. “வாளியாம்” என்றார். கீழ்க்கயிற்றை இழுத்து இவரிடம் நீட்டினார். இவர் கட்டி முடிக்கும் வரை ஏணி ஆடாமல் காலை வைத்து மிதித்துக்கொண்டு நின்றார்.

நான் தேத்தண்ணி கொண்டுவந்தேன். வாங்குவாரோ மாட்டாரோ என்று பார்த்தபடி நீட்டினேன். வாங்கினார். வீட்டுக்குள் வரவில்லை, இருக்கவும் இல்லை. படலையடியில் நின்றபடியே குடித்தார்.

“என்ரை வோட்டு உனக்கில்லை” என்றார்.

“தெரியும் அண்ணை.”

“நான் வேறை ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன்.”

“ஓம் அண்ணை.”

வெறுங்கோப்பையை என்னிடம் தந்துவிட்டு, சால்வையை உதறித் தோளில் போட்டார். படலையைத் திறந்து, சைக்கிளை எடுத்தார். செத்த வீட்டுக்கு வருவேன் என்றவர், சொன்னபடி வந்துவிட்டார். இனி எதற்கு வரப்போகிறார்? இவரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். ஏணியிலிருந்து இறங்காமல், அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் சைக்கிளில் ஏறப்போனவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. ஒழுங்கையைப் பார்த்தபடி சொன்னார்.

“சரி. வாறன்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சைக்கிள் கொஞ்சத் தூரம் போன பிறகுதான், இவர் ஏணியில் நின்றபடி, சந்திக்கே கேட்கும்படி சொன்னார்.

“ஓம் அண்ணை. வாங்கோ.”