சடக்கில் நான் புதைத்த கட்டை

இந்த மலாய் நாட்டில் லோரி வேகத்தைக் குறைத்தால் எங்கள் லயத்தில் அடுப்படியில் இருக்கிறவர்கள்கூட எழுந்து நின்றுவிடுகிறார்கள். சண்டை முடிந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஊரிலிருந்து யாராவது வந்து பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வேகமாகப் போகிற லோரிக்கு இங்கே ஒருவரும் தலை திருப்புவதில்லை.

கெமாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் எங்களுடையது. கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு நடுவே லோரி ஓடும் செம்மண் சடக்கு போகிறது. வாசலுக்கும் சக்கரத்துக்கும் பத்தடி இருந்தால் அதிகம். முசிறிப் பக்கம் எங்கள் ஊரில் பாரவண்டிக்காரர் தெருவுக்குள் நுழைந்ததும் கீழே குதித்து, மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அதற்காக அந்தத் தெருவைப் புகழ மாட்டேன். அதே தெருவில் எங்களைச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வைத்தார்கள். ஆனாலும் சக்கரத்தில் அடிபடாமல் வளர்ந்தோம்.

ஜப்பான்காரன் வந்த பிறகு அவன் லோரிகள் லயத்துக்குள் பறந்தன. ஒரு நாள் ஓர் ஆட்டை அடித்துவிட்டு நிற்காமல் போனார்கள். பின்னால் இருந்த சிப்பாய்கள் கைதட்டினார்கள். அவர்கள் போன திசையில் காறித் துப்பினேன். மறுவாரம் என் தங்கச்சி அஞ்சலையின் மூன்று வயது மகள் செல்வி ஒரு சாண் இடைவெளியில் தப்பினாள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் போய் முறையிட்டேன்.

"லோரிய மெதுவா ஓட்டச் சொல்லி நான் போய்க் கேக்கணுமா? என் தலை கழுத்துல இருக்கிறது ஒனக்குப் புடிக்கலியா?" என்றார். வெள்ளைக்காரனுக்கு வளைந்த அதே முதுகு, எஜமான்தான் மாறியிருந்தான்.

நானும் அஞ்சலையின் புருஷன் முத்தையாவும் பட்டுப்போன ரப்பர் மரம் ஒன்றை அறுத்து, சடக்கின் குறுக்கே பாதி புதைத்தோம். யோசனை என்னுடையது. மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பத்திலிருந்து எருமை வண்டியில் வந்த மலாய்ப் பெரியவர் நிறுத்திப் பார்த்தார்.

"ஜாங்ஙான் லா, தம்பி. லோரி பெர்ஹெந்தி, ஓராங் தூருன்."

வேண்டாம், லோரி நின்றால் ஆள் இறங்குவான் என்கிறார். தம் வண்டி அச்சுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஓரமாக வழி விடுகிறோம் என்று அரைகுறை மலாயில் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கட்டை வேலை செய்தது. லோரிகள் ஊர்ந்தன. செல்வி வாசலில் விளையாடினாள். நான்கைந்து நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஊர்கிற லோரியிலிருந்து வீட்டுக்குள் பார்க்கலாம், எத்தனை ஆண்பிள்ளைகள் என்று எண்ணலாம். ஒரு மத்தியானம் முத்தையா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தபோது, கட்டையில் ஏறிய லோரியிலிருந்து இரண்டு சிப்பாய்கள் குதித்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்திலிருந்து நான் ஓடி வருவதற்குள் கோடரி மட்டும் கிடந்தது.

அன்றே கடப்பாரையோடு போனேன். கிராணி குறுக்கே நின்றார்.

"எடுக்காதே லா. ஆள் ஏத்த வசதியா இருக்குன்னு ஜப்பான் தொரை சொல்லிட்டாரு. மழையில மண்ணு கரைஞ்சா நீயே கொட்டி வை."

கொட்டினேன். அதைச் சொல்லத்தான் நாக்கூசுகிறது. ஒவ்வொரு மழைக்கும் கூடையில் மண் சுமந்து, ஆள் பிடிக்கிறவனுக்காக அந்த மேட்டை நானே மிதித்துக் கெட்டிப்படுத்தினேன். சிப்பாய்களைக் காறித் துப்பிய வாயால் என்னை என்ன சொல்வது?

ஜப்பான்காரன் போய்விட்டான். சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பினார்கள். முத்தையா வரவில்லை, செத்தான் என்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை. ஊருக்குக் கப்பல் மறுபடி ஓடுகிறது. நானும் அஞ்சலையும் செல்வியும் புறப்பட்டு வர வேண்டுமென்று ஊரிலிருந்து முத்தையாவின் அம்மா யாரையோ எழுதச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தார். போகுமுன் அந்தச் சனியனைப் பிடுங்கிவிட வேண்டுமென்று போன வாரம் கடப்பாரையை எடுத்தேன். அஞ்சலை வந்து கட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எடுக்காதண்ணே. இந்த எடத்துலதான அவர ஏத்துனாங்க. லோரி மெதுவா போனாத்தான அவரால எறங்க முடியும்?"

நேற்று மழை பெய்தது. ஊர்க் கடிதம் சட்டைப்பையில் இருக்க, கூடையில் மண் அள்ளிப்போய்க் கட்டையின் இருபுறமும் கொட்டி மிதித்தேன்.