வெளிர் நீலம்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த சாலையில் எங்கள் பிரிண்டிங் கடை இருக்கிறது. நானும் என் அண்ணன் மனைவியும் சேர்ந்து நடத்துகிறோம். அவரை நான் நங்கை என்றுதான் கூப்பிடுவேன். வருகிறவர்களிடம் பேசுவது என் பொறுப்பு. ஆள் உயரத்துக்குப் படம் அடிக்கும் அந்தப் பெரிய மெஷின் அவர் பொறுப்பு.

எங்களுக்கு வருவது பெரும்பாலும் வீட்டு பிளான், லாரி பாடி வரைபடம். அதனால் கறுப்பு மை மளமளவென்று தீரும். மற்ற நிறங்கள் கிடந்தபடியே கிடக்கும். போன கோடையில் ஒரு காலை மெஷினைப் போட்டதும், வெளிர் நீல மை கேட்ரிட்ஜின் காலக்கெடு முடிந்துவிட்டது என்று திரையில் வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் அது பாட்டுக்கு அடிக்கும். நங்கை அழுத்தினார். ஆனால் உடனே வேலையைப் போடவில்லை. ஒரு துண்டுத் தாளில் மட்டும் அடித்து, வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

அன்று ராசிபுரத்திலிருந்து தறிக்காரக் குடும்பத்து அம்மா ஒருவர் வரவிருந்தார். புதிய சேலை டிசைன்களைப் பெரிதாக அடித்து, மறுநாள் செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக் கடைகளில் காட்ட வேண்டும் அவருக்கு. துண்டுத் தாளில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நங்கை பழைய மாதிரி ஒன்றைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அப்போதுதான் நீலம் லேசாகச் சாம்பல் பூத்திருப்பது புலப்பட்டது.

அந்த அம்மா வந்ததும் நங்கை இரண்டையும் அவர் கையில் கொடுத்தார். "ஏனுங்க, மை நாள் தாண்டிப் போச்சுங்க. இந்த நீலத்தை நம்பி நூலுக்குச் சாயம் போட்டீங்கன்னா தப்பாயிருமுங்க. மத்தியானம் புது மை வந்துரும். அடிச்சு நானே கொண்டாந்து குடுக்கறனுங்க."

அந்த அம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனார். சொன்னபடி நங்கை அன்று மாலையே பஸ் ஏறி ராசிபுரம் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

கழற்றி வைத்த கேட்ரிட்ஜில் பாதி மை மிச்சமிருந்தது. அதைத் தூக்கிப் போட நங்கைக்கு மனம் வரவில்லை. பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போய், வகுப்பறைக்குப் படங்கள் அடித்துத் தருவதாகச் சொன்னார். பழைய மை, சீக்கிரம் வெளுத்துவிடலாம் என்பதையும் மறைக்கவில்லை. தலைமையாசிரியை சிரித்தார். "அதுக்குள்ள எங்க பசங்க கிழிச்சிருவாங்க. நீங்க அடிங்க."

வேலை குறைந்த நாட்களில் பழைய கேட்ரிட்ஜை மாட்டி பறவைகள், இலைகள், மனித உடல் என்று அடித்தார். கடைசியாக இந்திய வரைபடம். வங்கக் கடலின் நடுவில் வந்தபோது மை தீர்ந்து மெஷின் நின்றது. புதிய மையைப் போட்டதும் மீதிக் கடல் பளிச்சென்று வந்தது. குறுக்கே கோடு போட்டதுபோல் மேலே ஒரு நீலம், கீழே ஒரு நீலம். திரும்ப அடிக்கிறேன் என்றார் நங்கை. தலைமையாசிரியை வேண்டாமென்று அதையே வாங்கிக்கொண்டார்.

சுவரில் ஒட்ட நானும் போயிருந்தேன். ஒரு சிறுமி கிட்டே வந்து அந்தக் கோட்டைத் தொட்டு, இங்கிருந்துதான் கடல் ஆழமா என்று கேட்டாள். நானாக இருந்தால் ஆமாம் என்றிருப்பேன்.

"இல்ல சாமி. அந்த எடத்துல பழைய மை தீந்து புது மை போட்டோம்" என்றார் நங்கை.

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. நாங்கள் கிளம்பும்போது, தோழிகளைக் கூட்டிவந்து ஆழமான இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.