எங்கள் வீட்டில் நாலாவது ஆள்

மெல்போர்னுக்கு வந்த புதிதில் என்னைத் தடுமாற வைத்தது ஒரு நலம் விசாரிப்பு. கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி வாசலில் நிற்கும் அம்மாக்கள் என எல்லோரும் “ஹவ் யூ கோயிங்?” என்பார்கள். எதில் போகிறாய் என்று கேட்கிறார்களாக்கும் என்று நினைத்து “பை ட்ராம்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் சொன்னபோது என் கணவர் சேகர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் இங்கே ட்ராம் ஓட்டுநர். என் அத்தை மகன். திருத்தணியில் மலையடிவாரத்தில் அடுத்தடுத்த தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். இன்றும் அவரைப் ‘பாவா’ என்றுதான் கூப்பிடுகிறேன். பக்கத்து வீட்டு பீட்டர் வேலிக்கு மேலே தலையை நீட்டி அதே கேள்வியைக் கேட்டால், “நாட் பேட், மேட்” என்று உள்ளூர்க்காரர் மாதிரியே பதில் சொல்வார். போன குளிர்காலத்துக்குப் பிறகு பீட்டரின் குரல் கேட்டாலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினார்.

நடந்தது இதுதான். எதிர்ப்பக்கத்து ட்ராமைப் பிடிக்க ஓடிவந்த ஒரு இளம்பெண் இவர் வண்டிக்கு முன்னால் வந்துவிட்டாள். மணியடித்தார், பிரேக் போட்டார். அவ்வளவு எடையுள்ள வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. அந்தப் பெண் பிழைக்கவில்லை. இவர்மேல் தவறில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். சம்பளத்தோடு விடுப்பும் கொடுத்தார்கள். டாக்டர் இதற்கு பி.டி.எஸ்.டி. என்று பெயர் சொன்னார். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு மனம் அந்த இடத்தைவிட்டு நகர மறுக்கும் நோய் என்று நான் புரிந்துகொண்டேன். ஆனால் அந்த நோயோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. கரண்டி கீழே விழுந்தால் என்மேல் பாய்வார். எங்கள் பெண் நிலா நடைபாதையில் இரண்டடி முன்னால் போனால், சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பார், அவள் அழுவாள். நான் என் படுக்கையை நிலாவின் அறைக்கு மாற்றிக்கொண்டேன்.

ஒருமுறை அவருடைய மனநல ஆலோசகர் என்னைத் தனியாக உட்காரவைத்து, “வீட்டில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். திருட்டுப் பயத்தைக் கேட்கிறார் என்று எண்ணி, “கதவுக்கு இரட்டைப் பூட்டு இருக்கிறது” என்றேன். அவர் என்னைப் பார்த்தபடியே இருந்தார். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் கேள்வி உறைத்தது. பாவா என்னை அடித்ததில்லை. ஆனாலும் வீட்டு வாசலில் நின்று, உள்ளே என்ன சத்தம் என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் சாவியைத் துளையில் நுழைத்தேன். அன்று அவரிடம் சொன்னேன்: “இப்டியே இருந்தா நான் பாப்பாவ இட்டுகினு போயிடுவேன் பாவா.” அவர் சுவரைப் பார்த்தபடி “போ” என்றார்.

திருத்தணிக்குப் போய்வரலாம் என்பது அத்தையின் யோசனை. மகனுக்கு வேலைக் களைப்பு, மலைக்கு வந்து சாமி பார்த்தால் சரியாகிவிடும் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு உண்மை தெரியாது. “ஊர்ல ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா, கொன்னுட்டு வந்துக்கிறான்னு பேசுவாங்க” என்று விமானம் ஏறும் முன்பே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார் பாவா. ஊரில் போய் இறங்கினால், எட்டுத் திசையிலும் ஹாரன். வந்த நாளிலிருந்து அவர் தெருவில் இறங்கவே இல்லை. “ஃபாரின் வெயிலுக்குப் பழகிட்டான், நம்ம வெயிலு ஒத்துக்கல” என்று வந்தவர்களிடமெல்லாம் அத்தை சமாதானம் சொன்னார்.

கிருத்திகைக்கு மலைக்குக் கிளம்பினோம். பாவாவின் அண்ணன் மூர்த்தி புதிதாக வாங்கிய கார். பாவா முன் இருக்கையில். நானும் அத்தையும் நிலாவும் பின்னால். மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு சிறுமி, எதிர்ப்பக்கம் நின்ற அம்மாவைப் பார்த்து ஓடினாள். கார் மெதுவாகத்தான் போனது. மூர்த்தி மாமா பிரேக்கில் கால் வைத்தும் விட்டார். அதற்குள் பாவா பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினார். கார் பக்கச் சுவரில் உரசி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

யாருக்கும் அடியில்லை. சிறுமி அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தாள். மூர்த்தி மாமா கீழே இறங்கிக் கத்தினார். “இன்னாடா பண்ற நீ? புள்ளகுட்டியோட மொத்தமா பள்ளத்துல போயிருப்போம்! காலைலயே குடிச்சிட்டு வந்துக்கிறியா?” பாவா சாலையோரம் குந்தி, காதைப் பொத்திக்கொண்டிருந்தார். கூட்டம் சேர்ந்தது. மூர்த்தி மாமா அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் போனபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

“அவர வுடுங்க மாமா. குடிக்கல. அங்க அவரு வண்டில ஒரு பொண்ணு வந்து வுழுந்து செத்துப்போச்சு. அதுலருந்து இப்டித்தான் கீறாரு. உங்க யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

பாவா தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வையில், இனி இவர் என்னிடம் பேசவே மாட்டார் என்று தோன்றியது. மூர்த்தி மாமாவின் கை தானாகக் கீழே இறங்கியது. அத்தை பாவா பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“அந்தப் பொண்ணு பேரு இன்னாடா?”

காதிலிருந்து கையை எடுத்தபடி, “எமிலி” என்றார் பாவா.

“பெத்தவ இருக்காளா?”

“ஆங். விசாரணைல பாத்தேம்மா. கிட்ட வந்து என் கையப் புடிச்சாங்க. அப்டியே போயிட்டாங்க.”

“ஐயோ, அவ எப்டித் தாங்குவா” என்று அத்தை வாய்விட்டு அழத் தொடங்கினார். மகனுக்காக அல்ல, முகம் தெரியாத அந்தத் தாய்க்காக. பாவாவும் அழுதார். விபத்துக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

எனக்கு நிம்மதி வரவில்லை; கோபம்தான் வந்தது. விசாரணைக்கு என்னை வரவேண்டாம் என்று சொன்னவர் அவர். அந்தத் தாய் கையைப் பிடித்ததையும் இத்தனை மாதம் சொல்லவில்லை. சாமி பார்க்காமலே திரும்பினோம். அவர் காரில் ஏற மறுத்துவிட்டதால், நிலாவை அத்தையோடு அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் நடந்து இறங்கினோம்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றேன்.

“சொன்னா அந்தப் பொண்ணு வூட்டுக்குள்ள வந்துடுவா வனஜா. பாப்பா கீற வூடு.”

“அவ எப்பவோ வந்துட்டா பாவா. நாம மூணு பேரு இல்ல, நாலு பேராத்தான் கீறோம்.”

சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் அவர் நின்று, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலிக்கும்படி இறுக்கமாகப் பிடித்தார். நான் உதறவில்லை.

அவர் என்னோடு மெல்போர்னுக்குத் திரும்பி வரவில்லை. வேலூரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். “இங்கிலீஷ்ல சொல்றப்ப வேற எவனுக்கோ நடந்தாப்ல கீது. தமிழ்ல சொன்னாதான் எனக்கு நடந்ததா தெரியுது” என்றார். பள்ளி திறக்கிறதே என்று நானும் நிலாவும் மட்டும் விமானம் ஏறினோம். பிரிந்துவிட்டீர்களா என்று இங்குள்ள தமிழ்த் தோழிகள் சுற்றிவளைத்துக் கேட்கிறார்கள். எனக்கே தெரியாததை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? நான் பார்க்கும் முதியோர் இல்ல வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போவதா, அவர் இங்கே வந்து மறுபடி ட்ராம் மணியோசைக்குள் வாழ்வதா, இன்னும் முடிவாகவில்லை. போனில் சண்டை போடுகிறோம். போன வாரம் ஏதோ பேச்சில் சிரித்துவிட்டார். உடனே போனை வைத்தும் விட்டார்.

பள்ளி விட்டு நிலாவும் நானும் நடந்து வரும்போது தினமும் கூப்பிடுவார். அங்கே அப்போது முற்பகல். கடைத்தெருவுக்குப் போகப் பழகிக்கொண்டிருக்கிறார். போனை ஸ்பீக்கரில் போட்டு நிலா கையில் பிடித்துக்கொள்வாள். எங்கள் தெரு வெறிச்சென்று கிடக்கும். நேற்று போனின் அந்தப் பக்கம் திடீரென்று பஸ் ஹாரன் அலறியது. “நில்லு பாப்பா! பஸ்ஸு வருது” என்று பதறினார் பாவா. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டிகூட இல்லாத மெல்போர்ன் தெருவின் ஓரத்தில் நிலா சட்டென்று நின்றுவிட்டாள். நானும் நின்றேன். திருத்தணியில் அந்த பஸ் கடந்துபோய், “ஆங், இப்ப வா” என்று அவர் சொன்ன பிறகுதான் நாங்கள் இங்கே சாலையைக் கடந்தோம்.